பதினைந்து மில்லிமீட்டர்

என் சுண்டுவிரல் அகலம்,
அவ்வளவுதான் அந்த அலுமினிய வட்டு.
சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில்
கூப்பிடாமல் வந்து உட்கார்ந்த மூன்றாவது ஆள்.

விற்றவன் யுகேந்திரன், சுங்கை டுவாக்காரன்.
"பின்னாலேருந்து பாருங்கண்ணே, மைவி மாதிரியா இருக்கு?"
இல்லைதான்.
டயர்கள் முழங்கை அகட்டி நின்றன
சண்டைக்கு வந்த பையனைப் போல.
வட்டைப் பற்றி அவன் சொல்லவில்லை.
அழகு எங்கிருந்து வருகிறதென்று நானும் கேட்கவில்லை.

தனியாக ஓட்டினால் சத்தமில்லை.
பாயான் லெப்பாஸில் ஷிப்ட் முடிந்து
மூன்று பெண்கள் பின்னால் ஏறினால்
ஒவ்வொரு மேட்டிலும்
மட்கார்டை நக்கும் டயர்: ஸ்ர்ர்ர்.
"அங்கிள், என்னது அது?"
"ரோட்டுல தண்ணி" என்பேன்.
வெளியே வெயில் பல்லிளிக்கும்.

பார்வைக்கு அகலமான வண்டி
ஆள் ஏற்ற முடியாத வண்டியாகிவிட்டது.
ஒல்லியான சவாரியாக அனுப்பு என்று
சாமியிடம் கேட்ட நாள்கூட உண்டு.

பிறகு தொண்ணூறில் ஸ்டீயரிங் நடுங்கியது.
பிறகு முன் இடது பேரிங் முனகத் தொடங்கியது,
தூக்கத்தில் கடனை எண்ணுபவனைப் போல.
பேலன்சிங் பார்த்தேன். இரண்டு டயர் மாற்றினேன்.
அன்றுதான் வட்டை முதலில் பார்த்தேன்.
பளபளவென்று இருந்தது.
ஏதோ நல்ல சாமான் என்று நினைத்து
திரும்ப மாட்டச் சொன்னேன்.

ஜெலுத்தோங் கடலோரச் சாலை, இரவு பதினொன்றரை.
டக்.
பின்சீட்டில் ஓர் அம்மா, மடியில் கேக் பெட்டி.
ஓரங்கட்டி, கைப்பேசி வெளிச்சத்தில் எண்ணினேன்:
நான்கு போல்ட்டில் ஒன்று இல்லை,
இன்னொன்றின் நட்டு விரலாலேயே சுழன்றது.
அந்த அம்மா வேறு காடி பிடித்துப் போனார்.
எனக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருந்தார்.
அதுதான் அன்றிரவு தூங்க விடவில்லை.

கோக் வாய் பட்டறையில் கழற்றிக் காட்டினான்.
நட்டு பிடித்திருந்தது அஞ்சே மரை.
மிச்ச மரையெல்லாம் வட்டின் வயிற்றில்.
"நாலு மரை இருந்தா பாலத்துலயே விட்டிருக்கும்"
என்று மலாயில் சொல்லிவிட்டு
தேத்தண்ணீர் குடிக்கப் போனான்.

டயர்கள் உள்ளே ஒடுங்கின.
என் காடி மறுபடி எல்லார் காடியும் போல.
பேரிங் மட்டும் இன்னும் முனகுகிறது.
புதிது முந்நூறு வெள்ளி. அடுத்த மாதம்.

நேற்று ரெலாவ் அடுக்குமாடிக்குக் கீழே
மோட்டாரில் ஒரு பையன்.
"ஸ்பேசர் கழட்டிட்டீங்களாமே அங்கிள்,
நாலும் எண்பது வெள்ளிக்குத் தருவீங்களா?"
எண்பது.
யுகேந்திரனின் முகம் ஒரு நொடி
என் முகத்தின்மேல் வந்து உட்கார்ந்து பார்த்தது.
"வித்தாச்சு தம்பி."

மூன்று டிக்கியில் கிடக்கின்றன.
நான்காவது, பன்னிரண்டாம் மாடிக் காற்றில்
அடித்துக்கொள்ளும் சமையலறைக் கதவுக்கு முட்டு.
அங்கே ஒழுங்காகத்தான் இருக்கிறது.