பதின்மூன்றரை

சைக்கிள் கடை சீப்ரன் ஒரு நெளி அட்டையை
மர முக்காலியில் வைத்துவிட்டு
சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"உட்காருங்கள். முழங்காலைச் சற்றே உயர்த்துங்கள்.
வலித்தால் சொல்லுங்கள்."

இருபத்தாறு வருடமாக நான் சொல்லிவரும் வார்த்தைகள்.
டோக்கும் தொடங்கி வடக்கே கடலணை வரை
எத்தனை வீடுகள், எத்தனை இடுப்புகள்.
கை வைத்தாலே தெரியும்
இந்தத் தலைக்கு வழி உண்டா என்று.
தன் முதுகு தனக்குத் தெரியாது,
அதற்குக் கீழே எங்கே தெரியப்போகிறது.

பழைய இருக்கை சைக்கிளோடு வந்தது,
யாரோ ஒரு பந்தயக்காரனின் ஒல்லிப் பின்புறத்துக்குச் செய்தது.
அது அறுத்து மரத்துப்போன தொடைகளோடு
பிரசவ அறைகளுக்குப் படியேறியிருக்கிறேன்.
அங்கே போய் என் வலியை எப்படிச் சொல்ல?

முதலில் நானாகக் கைகாட்டியது
பெருவிரல் அமுங்கும் தடித்த மெத்தை. பிசைந்த மாவு.
ரொட்டிக் கடை முனை திரும்பும் முன்பே
எல்லா இடமும் கொஞ்சம் கொஞ்சம் வலித்தது.
"மெத்தை பொய் சொல்லும்" என்றார்.
"உட்கார வேண்டியது எலும்பு."

எழுந்தேன்.
அட்டையை வெளிச்சத்தில் சாய்த்தார்.
இரண்டு குழிகள்,
ஈரமணலில் முட்டை வைத்து எடுத்தாற்போல.
சாக்பீஸால் வட்டமிட்டு
நடுவுக்கு நடு அளவுகோல் வைத்தார்.
பதின்மூன்றரை சென்டிமீட்டர்.
காது சிவந்தது அவருக்குத்தான்.

"வழி போதாது" என்றுதான்
யெல்மரை என் வயிறு கீறி எடுத்தார்கள்.
வெளிவாசலின் அகலம் உள்வாசலைச் சொல்லாது,
தெரியும், மாணவிகளுக்கு நானே சொல்கிறேன்.
ஆனாலும் அந்த அட்டையைத் திருப்பிக் கொடுக்க
எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இரண்டு இருக்கைகள் கழற்றி மாட்டினோம்.
மூன்றாவது, வேண்டாமென்று யாரோ திருப்பிக் கொடுத்தது.
மங்கல் பழுப்பு. நடுவில் நீளப் பிளவு.
அழகென்று எதுவும் இல்லை.
மூக்கை ஒரு நூல் தாழ்த்தி, திருகை இறுக்கி,
"பாலம் வரை போய் வாருங்கள்" என்றார்.

பாலத்தில் போன் அடித்தது.
ஹோல்வெர்டில் பனிக்குடம் உடைந்துவிட்டதாம்,
முதல் பிள்ளை, கணவன் அழுகிறானாம்.

காசு கொடுக்கவில்லை, கையசைத்தேன்,
சீப்ரன் வாசலில் நின்று தலையாட்டினார்.
பிறகு பன்னிரண்டு கிலோமீட்டர்,
எதிர்காற்று, செம்மறிகள், சாய்ந்த மழை.
உட்கார்ந்திருப்பதே
அந்த வீட்டு வாசலில் இறங்கும்போதுதான்
ஞாபகம் வந்தது.