மூடியை இறுக்காதீங்க

வார்டில் கூட வேலை செய்யும் மேகலா
ஆஸ்திரேலியாவில் திராட்சைத் தோட்டம் பார்த்துவிட்டு வந்து
நாற்பத்தொரு படம் அனுப்பினாள்.
எல்லாவற்றிலும் காலுள்ள கண்ணாடிக் கோப்பை,
எல்லாவற்றிலும் அவள் புருஷனின் தொப்பி.
நாங்களும் அதற்குத்தான் சேர்த்தோம், இரண்டு வருடம்.
காடியின் கியர்பாக்ஸ் அதைக் குடித்துவிட்டது.

"எட்டாத பழம் புளிக்கும்தானே,
எட்டுற தோட்டத்துக்குப் போவோம்" என்றார் பரஞ்சோதி.
சனிக்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்தேன்.
கிள்ளானிலிருந்து வடக்கே
செம்பனை, செம்பனை, ஒரு பெட்ரோல் நிலையம், மறுபடி செம்பனை.
தென்னை வரத் தொடங்கியதும்
ஊத்தான் மெலிந்தாங்.

ஹோட்டல், இரும்புச் சாமான் கடைக்கு மேலே.
ஏர்கோன் சொட்டும் இடத்தில் யாரோ
ஒரு மைலோ டின்னை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
ஜன்னலைத் திறந்தால்
பாசார் மாலாமுக்குக் கட்டும் கூடாரக் கம்பிகள்.
"வியூ இருக்கு" என்றார்.
செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்து
நாலு மணி வரை தூங்கினோம்.
கனவில் எந்த டயாலிசிஸ் மெஷினும் கத்தவில்லை.

கள்ளுக்கடை, தகரக் கொட்டகை.
ஆண்கள் எட்டுப் பேர், ஒரு நாய், ஒரு டிவி.
நான் நுழைந்ததும் டிவி மட்டும் பேசியது.
"யாருக்குக்கா, பார்சலா?"
"எனக்குத்தான். இங்கேயே."
பையன் கிளாஸை இரண்டு தடவை கழுவினான்.
என்ன நினைத்தானோ, மூன்றாவது தடவையும்.

பரஞ்சோதி வாசலிலேயே நின்றார்.
அவர் அப்பா சம்பள நாளில்
இப்படியொரு கொட்டகைக்குள் போனால்
வீட்டுக்கு வருவது வெறும் சட்டைப்பைதான்.
கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னார்.
பத்தொன்பது வருடம் ஆகிறது, மறுபடி சொன்னதில்லை.
நான் கூப்பிடவில்லை.
பக்கத்து ஸ்டூலில் கைப்பையை வைத்தேன்.
கொஞ்ச நேரம் கழித்து எடுத்தேன்.
வந்து உட்கார்ந்து லிமாவ் ஐஸ் கேட்டார்.

மேகலா படத்தில் செய்ததுபோலவே
கிளாஸைச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டேன்.
"என்ன தெரியுது?"
"மொதல்ல ஆப்ப மாவு.
அப்புறம் ஈரத்துணி, ரெண்டு நாளா வெயில் காணாதது.
கடைசியில லேசா ஒரு தேனீ."
"தேனீயா?"
"செத்தது. மிதக்குது பாருங்க."

சிரித்தார்.
மூக்கு வழியாக லிமாவ் வர, மேசையைத் தட்டி,
அடுத்த பெஞ்சுக்காரர் என்னவென்று கேட்டுத்
தானும் சிரிக்கும் அளவுக்கு.
இந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும்.
கியர்பாக்ஸுக்கு முன்னால்,
கம்பெனியில் ஆள் குறைத்ததற்கு முன்னால்
வீட்டில்தான் இருந்தது.
எந்த அலமாரியில் வைத்தோம் என்று மறந்துபோயிருந்தேன்.

தேனீயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தேன்.
இனிப்பு, உடனே புளிப்பு,
உடனே தொண்டையில் சின்னச் சின்ன ஊசி.
மேகலா குடித்தது பதினெட்டு வருடம் இருட்டில் கிடந்ததாம்,
கிடக்கக் கிடக்க விலையாம்.
இது காலையில் மரத்திலிருந்து இறங்கியது.
"ராத்திரிக்கு மேல தாங்காதுக்கா" என்றான் பையன்,
மன்னிப்புக் கேட்பதுபோல.

ஆற்றோரக் கடையில் இறால் மீ சாப்பிட்டுத் திரும்பும்போது
கால் பின்னியது எனக்கு,
கொஞ்சம் உண்மை, கொஞ்சம் நடிப்பு.
கையைப் பிடித்துக்கொண்டார்.
பாசார் மாலாமின் பல்பு வெளிச்சத்தில்,
காலுறை விற்பவர் பார்த்துக்கொண்டிருக்க.

ஞாயிறு, புறப்படும்போது
நேற்றைய மிச்சத்தை மினரல் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தான்,
ஆப்பத்துக்கு ஆகும் என்று.
"மூடியை இறுக்காதீங்க, வெடிச்சிடும்."
மடியில் வைத்துக்கொண்டேன்.
சபாக் பெர்ணம் தாண்டும்வரை
நாங்கள் பேசவில்லை, அது மட்டும் மூச்சு விட்டது.
காடி முழுக்கப் புளித்த வாசம்.
அவர் கண்ணாடியை இறக்கவில்லை.

"அந்தத் தேனீ..." என்றார் சிவப்பு விளக்கில்,
மறுபடி ஆரம்பித்துவிட்டார்.