கடைசிக் கொள்முதல்

சாலைக்கு அந்தப் பக்கம் நெல் கொள்முதல் நிலையம்.
ஈரம் பத்தொன்பது என்கிறது கருவி.
பதினேழுதான் என்று சத்தம் போடுகிறார்கள்.
மூட்டைகள் வெயிலுக்குக் காத்துக் கிடக்கின்றன.
இந்தப் பக்கம் என் ஸ்டோர் ரூம்.
இங்கே ஈரம் ஐந்தைத் தாண்டக் கூடாது.
நீடாமங்கலத்தில்,
ஐப்பசியில்,
ஐந்து.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் கடிதம் வந்தது:
இந்த ஐசியை இனிச் செய்வதாக இல்லை,
வேண்டுவோர் மார்ச் முப்பத்தொன்றுக்குள் சொல்லவும்.
மதகில் நீர்மட்டம் அளக்கும் எங்கள் போர்டு
அது இல்லாவிட்டால் வெறும் பச்சை அட்டை.

குலோத்துங்கன் சார்
சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டார்.
ஆண்டுக்கு முப்பத்தெட்டை மின்னல் தின்னும்.
பதினைந்து ஆண்டு.
"அப்புறம் தமயந்தி, உன் கைத்தவறுக்கு எழுபது."
ஆக அறுநூற்று நாற்பது.
அந்த எழுபதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

வங்கியில் கேட்டார்களாம், என்ன பயிர் என்று.
விளையாது.
எப்போது விற்பீர்கள்?
விற்கமாட்டோம், வைத்திருப்போம்.
எப்படியோ கடன் வந்தது.

பார்க்க வருகிறவர்கள் விதைநெல் மாதிரி என்பார்கள்.
இல்லை.
விதை ஒருநாள் எழும்பும், ஒன்று நூறாகும்.
இது எழும்பக் கூடாது, பெருகவும் பெருகாது.
என் பேரேட்டில் எண்கள்
ஒரே பக்கமாய் இறங்குகின்றன.

வெள்ளிப் பை, உள்ளே சிலிக்கா ஜெல்,
கூடவே மூன்று நீலப் புள்ளி வைத்த அட்டை.
ஈரம் பட்டால் நீலம் ரோஸ் ஆகும்.
அக்கா மகள் சடங்குக்கு எடுத்துத் தந்த ரோஸ் சேலையை
கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டேன்.
காரணம் சொல்லவில்லை.

புயலடித்த கார்த்திகையில் பதினொரு நாள் கரண்ட் இல்லை.
உலர்பெட்டி நின்றுபோனது.
தஞ்சாவூரிலிருந்து வரவேண்டிய நைட்ரஜன் சிலிண்டர்
சாய்ந்த தென்னைகளுக்கு அப்பால் எங்கோ.
மூன்றாம் நாள் முதல் புள்ளி வெளுத்தது.
மாசிலாமணியிடம் இஸ்திரிப் பெட்டி கேட்டேன்,
கொட்டாங்குச்சிக் கரியோடு.
"இந்த நேரத்துல எதைத் தேய்க்கப் போறே?"
பை வாயை.
சிலிக்கா ஜெல்லை வாணலியில் வறுத்தேன்.
தட்டுகளில் கிடந்தவை முந்நூற்று முப்பத்தைந்து,
பைகள் முப்பத்துநான்கு.
விடியும்போது கட்டைவிரலில் கொப்புளம்,
புள்ளிகள் நீலம்.

கெட்டுவிட்டதா என்று அறிய ஒரு வழி உண்டு.
தை மாதம் ஒன்றை எடுத்து
கால்களை உருகிய ஈயத்தில் முக்கவேண்டும்.
ஈயம் பரவி ஒட்டினால் மற்றவை நலம்.
முக்கியது இனிப் போர்டுக்கு ஆகாது.
பதின்மூன்று ஆண்டு, பதின்மூன்று ஐசி,
ஜன்னல் கட்டையில் கால் மினுங்க மல்லாந்து கிடக்கின்றன.
தூக்கியெறிய மனமில்லை, எதற்கென்றும் தெரியவில்லை.

போன மாதம் சென்னையிலிருந்து ஜிதேந்திரன் என்று ஒருவர்.
புது ஐசி, புது டிசைன்,
பழையதைக் கழித்துவிடலாம் என்றார்.
அழுகை வரும் என்று நினைத்தேன், நிம்மதிதான் வந்தது.
பேரேட்டுக்கு ரப்பர் பேண்டு போட்டேன்.

செவ்வாய்க்கிழமை அந்தப் புது ஐசிக்கும்
கடிதம் வந்துவிட்டது.
மார்ச் முப்பத்தொன்று.

ரப்பர் பேண்டைக் கழற்றினேன்.
கோரையாற்று மதகில் ஒரு போர்டு கருகிவிட்டதாம்,
லஸ்கர் மூங்கில் கோலை விட்டுத் தண்ணீர் அளக்கிறாராம்.
பையைக் கிழித்தேன். மூன்றும் நீலம்.
அறுபத்தொன்றை அடித்து அறுபது என்று எழுதினேன்.

எழுதும்போதுதான் உறைத்தது.
மின்னல் சாரின் கணக்கைப் பார்த்து அடிக்கவில்லை.
அவர் எண்ணி வைத்த ஐந்நூற்று எழுபதும் எப்போதோ தீர்ந்துவிட்டன.
இப்போது கொடுப்பது
என் கைத்தவறுக்கு ஒதுக்கியதிலிருந்து.

நான் செய்யாத தவறுகளில் பத்தாவது
கோரையாற்றுக்குப் போகிறது,
லஸ்கர் மகனின் பைக்கில்,
மழைக்கு முன்னால் போய்விடு என்று சொல்லி அனுப்பினேன்.