நூற்று எழுபத்தாறரை

மார்க் வந்த காலை
அது என் மார்க்காக மட்டும் இருந்தது,
பதினோரு நிமிடம்.
கணக்கு தொண்ணூற்று மூன்று. இயற்பியல் எழுபத்தொன்பது.
வேதியியல் எண்பத்தெட்டு,
நான் பயந்திருந்ததைவிட ஆறு அதிகம்.
பிறகு சுமையா போன் செய்தாள்.

அவளுக்குக் கட்-ஆஃப் நூற்று எண்பத்தெட்டு.
சொல்லிவிட்டு அழுதாள்.
ஆம்பூரில் அவள் மாமா மகள் ஹாஜிராவுக்கு
நூற்றுத் தொண்ணூற்றாறாம்.
அவளைத் தேற்றினேன்,
பதினொன்றரை மார்க் கீழே நின்றபடி.

மறுநாள் அம்மா ஷூ கம்பெனி வேனில் ஏறியதும்
வேனே கேட்டிருக்கிறது:
"இன்னா, பொண்ணு எவ்ளோ வாங்கிக்கீறா?"
ஐந்நூற்று இருபத்தைந்தை
ஐந்நூற்று முப்பது என்று சொல்லிவிட்டாள்.
அப்பர் தைக்கிறவள்.
ஒரு தையல் விலகினால் ஜோடியே ரிஜெக்ட் என்பாள்.
ராத்திரி விளக்கணைத்த பிறகு
"அஞ்சு மார்க்குதானே" என்றாள்,
கடன் கேட்கிறவள் போல.

இப்போது ஜூன் கடைசி.
குடியாத்தம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஜெராக்ஸ் கடையில் நாலாவது ஆளாக நிற்கிறேன்.
இன்னும் நாற்பது டிகிரி.
"வெயில்ல மட்டும் நாமதாம்மா ஃபர்ஸ்ட் ரேங்க்"
என்கிறார் கடைக்காரர்.
யாரும் சிரிக்கவில்லை.
எல்லோர் கையிலும் போன், எல்லோர் போனிலும்
அதே பட்டியல்.

என் இடம் 39,796.
இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.
காட்பாடி பஸ்ஸில் சீட் ஐம்பது என்று வைத்துக்கொண்டேன்.
எனக்கு முன்னால் போகிறவர்களுக்கு
எழுநூற்றுத் தொண்ணூற்றாறு பஸ்.
கடைசி பஸ்ஸில் ஐந்து சீட் காலி.
இருந்தும் நான் கீழேதான் நிற்கிறேன்.

பின்னால் எத்தனை பஸ் என்று யாரும் கேட்பதில்லை.
நானும் கேட்டிருக்க மாட்டேன்,
அந்தப் பக்கங்களில் குபேரனைத் தேடிப் போகாவிட்டால்.
எங்கள் வகுப்புக்கே தொகையிடல் புரியவைத்தவன்,
கரும்பலகையில் அல்ல, சைக்கிள் ஸ்டாண்டு சிமெண்ட் தரையில்.
இயற்பியல் பரீட்சையன்று மஞ்சள் காமாலை.
கண்ணில் மஞ்சளோடு வந்து எழுதினான். நாற்பத்து மூன்று.
என் தொண்ணூற்று மூன்றில் ஒரு பத்தாவது அவனுடையது.
அவன் எண் ஒரு லட்சத்தைத் தாண்டிக் கிடக்கிறது.
போன் செய்யலாமா என்று யோசித்து
செய்யவில்லை.

என்னைப் போல நூற்று எழுபத்தாறரை வாங்கினவர்கள்
பக்கம் பக்கமாக இருக்கிறார்கள்.
சமமாக இருந்தால் கணக்கு மார்க்கைப் பார்ப்பார்களாம்.
அதுவும் சமமென்றால் இயற்பியல்.
அதற்கும் மேலே ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போய்
ஒன்றும் மிஞ்சாதபோது
பிறந்த தேதி.

எனக்கு நேர் மேலே ர. பெருந்தேவி.
செப்டம்பர் பதினைந்து.
நான் பதினேழு.

எந்த ஊரோ தெரியாது.
அவளும் வேதியியலுக்குப் பயந்திருப்பாள்.
அவளும் எழுபத்தொன்பதைப் பார்த்து
ஒரு மார்க்கில் எண்பது போச்சே என்று சொல்லியிருப்பாள்.
அவளுடைய குபேரன் யாரோ.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.
பின்னணியில் மெஷின்கள். கத்திப் பேசினாள்.
"வெள்ளிக்கிழமையே வலின்னு பெரியாஸ்பத்திரி போனேன்.
இது பொய் வலி, வூட்டுக்குப் போன்னு அனுப்ச்சிட்டாங்க."
கொஞ்சம் நிறுத்தி,
"படுக்க வச்சிருந்தா நீ முன்னாடி வந்திருப்ப இல்ல?"
என்றாள்.
பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்,
சூப்பர்வைசர் அவளைக் கூப்பிடும்வரை.

என் முறை வந்தது.
எந்தப் பக்கம்மா, என்றார்.
ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டு,
முதல் வரியே நான்தான்.
மூன்று ரூபாய்.

காகிதம் சூடாக வெளியே வந்தது.
தனியாக, தலைப்பகுதியில், என் பெயர்.
யாருக்கும் பின்னால் இல்லாதது போல.

அதற்கு முந்தின பக்கமும் வேண்டும் என்றேன்.
"அதுல உன் பேர் இல்லியேம்மா."
பரவாயில்லை.
கடைசி வரியில் ஒருத்தி இருக்கிறாள்.