ஏழாவது ட்ராக்

கூலி உயர்த்திக் கேட்டுத் தறியை நிறுத்தி
இன்றோடு இருபத்தாறு நாள்.
சோமனூர் இப்படி ஓய்ந்து நான் பார்த்ததில்லை.
ரயில்வே கேட்டில் யாரோ இருமினால்
சளி இருமலா பீடி இருமலா என்று
இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

எனக்குள் மட்டும் ஓயவில்லை.
பதினெட்டு வருசம் எட்டுத் தறியோடு நின்றதில்
இடது காதுக்குள் யாரோ
இழுத்துக் கட்டிவிட்டுப் போன கம்பி
ராத்திரி பகல் ஒரே சுதியில்
ஙீ என்கிறது.
கோயமுத்தூரில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து
பொத்தானைக் கையில் கொடுத்து
சத்தம் கேட்டால் அமுக்குங்க என்றார்கள்.
எது வெளியே எது உள்ளே என்று தெரியாமல்
அமுக்கிக்கொண்டே இருந்தேன்.

பாலசோருக்கு ரயிலேறும்போது தீனபந்து
முன்பணத்தில் நின்ற ஐநூறுக்கு ஈடாக
ஹெட்செட்டையும் ஒரு மெமரி கார்டையும்
என் சட்டைப்பையில் திணித்துவிட்டுப் போனான்.
கார்டில் ஒரே ஆல்பம்.
பேரில்லை, பாடுகிற ஆளில்லை.
ஒன்பது ட்ராக், ஒன்பதுக்கும் வெறும் நம்பர்.
படம் இருக்கவேண்டிய இடத்தில்
அழுக்கேறிய காடாத்துணியில் வெட்டிய மாதிரி
ஒரு சதுரம்.

ஒன்றில் ஒன்றுமே நடக்கவில்லை.
சார்ஜ் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
இரண்டில் கரண்ட் வந்தது.
பாட்டு வரவில்லை, கரண்டேதான்,
மழைக்கு முந்தி ட்ரான்ஸ்பார்மர் முனகுமே, அது.
மூன்றில் அடி.
ஒன்று விழுந்து
அடுத்ததற்குக் கழுத்து தானாக முன்னால் போய்
வராமல்
வராமல்
முதுகுக்குப் பின்னால் எங்கேயோ விழுந்தது.
ஊடை அறுந்துபோச்சு என்று
கை நீண்டு
காற்றில் கைப்பிடியைத் தேடியது.

கோமளா எட்டிப் பார்த்தாள்.
ஒரு பக்கத்தை அவள் காதில் வைத்தேன்.
"ஏனுங்க, மிக்சி ரிப்பேராயிருச்சாட்ட இருக்குது."
போகாமல் நின்று, கொஞ்சம் கழித்து,
"அதுக்குள்ள ஆரோ மூச்சு உடறாங்க."
எனக்கு அது கேட்கவில்லை.
அவள் பாத்திரம் விளக்கப் போய்விட்டாள்.

ஐந்தைத் தள்ளிவிட்டேன், பொய் சொல்வானேன்,
தகரத்தால் தகரத்தை ராவுகிற சத்தம்.
ராத்திரி ஷிப்ட் பன்னிரண்டு மணிநேரம் முடித்து
ரூமுக்குப் போய் இதையா கேட்டான்?
கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.
நான் அவனிடம் கேட்டதெல்லாம்
எத்தனை மீட்டர் ஆச்சு என்றுதான்.

ஏழு.
மெல்லிசாக, ஒற்றைச் சுதி.
ஙீ.

என் கம்பி.
மயிரளவு விலகாமல் அதே இடம்.
எந்தக் குளிர்ந்த ஊரிலோ யாரோ ஒருத்தர்
ஒரு மிசினின் திருகைத் திருப்பித் திருப்பி
என் இடது காதின் நம்பரைப் பிடித்திருக்கிறார்.
எது உள்ளே எது வெளியே?
இந்தத் தடவை பொத்தான் இல்லை.
ஆறு நிமிசம் பதினோரு நொடி.
சட்டென்று அறுத்தார்கள்.
அறுந்ததும்
என்னுடையதும் கூடவே நின்றுபோனது.

குழாயடியில் டம்ளருக்குள் டம்ளர் இறங்குவது.
சுவிட்சுப் பெட்டிக்குள் பல்லி நகர்வது.
பாதி நெய்த பாவு எட்டும்
சும்மா நிற்பது.
என் எச்சில் தொண்டையில் போவது.
இருபது நொடி இருக்கும்,
இருபத்தைந்து என்றே வைத்துக்கொள்ளலாம்.
பிறகு பழைய வாடகைக்காரன்
தன் சாவியைப் போட்டுத் திறந்துகொண்டு
உள்ளே வந்தான்.

எட்டும் ஒன்பதும் இன்னும் கேட்கவில்லை.
ஏழையே திரும்ப வைத்தேன்.
பதினைந்து நொடி.
மூன்றாம் தடவை எட்டு.

தீனபந்துவுக்குப் போன் போட்டேன்.
"தறி ஓடுதாண்ணா?"
"இல்லடா. அந்த ஏழாவது..."
மேலே எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
அந்தப் பக்கம் காற்று,
ஒரு சைக்கிள் மணி.

"எத்தன செகண்டுண்ணா?"

"இருபத்தஞ்சு."

"எனக்குப் பத்துதான்" என்றான்.