பிசகிய ஓரை

யீஷூன் புளோக்கில், செருப்பு அலமாரியின் மேல்
சுக்கிரனுக்கு ஒரு சாண் இடம்.
வெள்ளைக் கைக்குட்டை விரித்து
முந்திய இரவே ஊறிய மொச்சை ஒரு பிடி,
தேக்காவில் வாங்கிய வெண்தாமரை ஒன்று,
விலை இரண்டு வெள்ளி.
கிழமை வெள்ளி, தட்டு வெள்ளி,
வானத்தில் அவன் பெயரும் வெள்ளி,
இந்த ஊரில் காசுக்கும் அதே பெயர்.
ஒரே சொல்லில் எல்லாவற்றையும் கேட்டுவிடலாம் என்று
நாற்பத்தொரு வயதில் எனக்கொரு சிக்கனம்.

எதிர்ச்சுவரில்
வீட்டுக்கார மேடம் கோவின் சிவப்பு மாடம்,
மூன்று ஆரஞ்சு, அணையாத மின்விளக்கு,
ஊதுபத்திச் சாம்பலடியில் நான்கெண் சீட்டு.
கோயிலில் ஒன்பது பேரும்
ஒருவர் முகத்தில் ஒருவர் விழிப்பதில்லை.
இங்கே அவள் தெய்வமும் என் கிரகமும்
சாப்பாட்டு மேசைக்கு மேலாகப்
பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

சென்னையில் அச்சான நாள்காட்டி சொன்னபடி
ஆறிலிருந்து ஏழு, சுக்கிர ஓரை.
ஈரத்தலையோடு
கேட்கக் கூச்சமானதையெல்லாம் கேட்டேன்.
பேர் சொல்லவில்லை.
உயரம் மட்டும் சொன்னேன்.

ஒன்பதாவது வெள்ளி.
தண்ணீர் குடிக்க வந்த மேடம் கோ கேட்டாள்:
"ராத்திரியில் யாரைக் கூப்பிடுகிறாய்?"

சன்னலைப் பார்த்தேன்.
எதிர் புளோக்கின் தாழ்வார விளக்குகள்கூட அணையவில்லை.
இங்கே சூரியன் ஏழு மணி வாக்கில்தான் எழுகிறான்;
அவன் எழுந்த பிறகுதான் ஓரைக்கணக்கே தொடங்கும்.
விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன்.
ஆறு மணி, சூரிய ஓரை.

எட்டு வாரம்
சுக்கிரனின் மொச்சையைச் சூரியனுக்குப் படைத்துக்
காதல் கேட்டிருக்கிறேன்.
அவன் கையில் இருப்பது அரசாங்கம்.
உள்ளதைத்தானே கொடுப்பான்?
செவ்வாய்க்கிழமை வந்தது கடிதம்:
தனியாள் விண்ணப்பம், ஈரறை வீடு,
வரிசை எண் அறுபத்திரண்டு.

மேடம் கோ அதற்கு முன்னால்
இரண்டு சுழியம் சேர்த்து ஒரு வெள்ளி கட்டினாள்.
முளைவிட்ட மொச்சையைப் பூண்டோடு வதக்கினாள்.
உப்பு கூடிப்போயிற்று. தின்றோம்.

சரியான ஓரைக்கு நிற்க முடியாது,
ஏழு பத்துக்கு எனக்குப் பேருந்து.
தாமதமானால் எத்தனை வெள்ளி பிடிப்பார்கள் என்று தெரியும்.
இரவு ஒன்பதிலிருந்து பத்து
இன்னொரு சுக்கிர ஓரை இருக்கிறது.
அந்த நேரம்தான்
கடைசி வீட்டுப் பரஞ்சோதி
தாழ்வாரத்துச் செடிகளுக்குத் தண்ணீர் விடுவார்.

உயரம் சரியாக இருக்கிறது.
சூரியனிடம் சொல்லவில்லை.