ஒறிஜினல்

மல்லாவிச் சந்தியில் இறக்கும்போதே
அதற்கு ஒரு கால் இல்லை.
இரண்டு அங்குல இறைப்பு மெசின்,
எழுபத்தெட்டில் ஜப்பான்காரன் வார்த்தது.
பழைய இரும்புக்காரனிடம் நிறுத்து வாங்கினதாம்,
பத்தொன்பது கிலோ, உள்ளே இருந்த மண்ணும் சேர்த்து.

வாங்கினவர் கனடாக் குகநேசன்.
வவுனிக்குளத்தில் கட்டுகிற புது வீட்டு வாசலில்
கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டுமாம்.
"ஒறிஜினலாய் வேணும் தங்கச்சி,
கொம்பனியால வந்த மாதிரி."
"ஓடவும் வேணுமோ?" என்றேன்.
யோசித்தார்.
"ஓடினால் நல்லம்."

பிஸ்ரன் இறுகிக் கிடந்தது.
மண்ணெண்ணெயும் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி
பிளக் துளையால் ஊற்றி விட்டேன்.
எட்டு நாளும் விடியக் கதவு திறந்ததும்
பிளைவீலை ஒருமுறை நெருக்கிப் பார்ப்பேன்,
குழுவனின் கொம்பைப் பிடித்துப் பார்ப்பதுபோல.
ஒன்பதாம் நாள் ஒரு நூலளவு அசைந்தது.
அன்று தேத்தண்ணீர் ஆறிப்போனது.

பிறகுதான் உள்ளே இருந்தவனைக் கண்டேன்,
எனக்கு முன்னம் இதைத் திறந்தவனை.
வாய்க்கு வந்தபடி ஏசினேன்.
கார்பரேற்றருக்கும் எஞ்சினுக்கும் நடுவில்
கொப்பி மட்டையில் வெட்டின காஸ்கெற்.
ஏழாம் வாய்ப்பாடு
ஏழெட்டு ஐம்பத்தாறு வரைக்கும் வாசிக்கலாம்.
மிதவையில் ஈயம் ஒட்டின காயம் மூன்று.
காற்றுக் குழாயின் மேல் ஒரு துளை,
ஊசி மூக்குப் போகுமளவு,
கையால் துளைத்தது,
நடுத் தவறாமல்.

அதோடு ஏச்சு நின்றுவிட்டது.

பெற்றோலைத் தங்கம்போல் விற்ற காலம்.
சிரிஞ்சால் இரண்டு துளி அந்தத் துளைக்குள்,
ஓர் இழுவை,
பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாறும்.
கண் எரியும், இருமும்.
தண்ணீர் வரும்.
மிளகாயில் புகை மணக்குது என்று
சந்தையில் ஒருவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

குகநேசன் போனில் பட்டியல் அனுப்பினார்:
மிதவை மாற்று, காஸ்கெற் மாற்று,
துளையை வெல்ட் பண்ணு, தடம் தெரியக்கூடாது.

மாற்றினேன். காசு அவருடையது.
புது மிதவை கொஞ்சம் பாரம்,
மட்டம் ஏறி எண்ணெய் வழிந்தது.
இரண்டு நாள் மினக்கெட்டு,
மூன்று காயத்தோடு பழையதையே பூட்டினேன்.
அவனை ஏசினதில் பாதியைத்
திருப்பி எடுத்துக்கொண்டேன்.
காலுக்கு, லேண்ட்மாஸ்டர் கொழு ஒன்றை வெட்டி ஒட்டினேன்.
அது பட்டியலில் இல்லை.

நீலம் மூன்று பூச்சு.
வெள்ளை எழுத்துக்கு
மாங்குளத்தில் நம்பர் பிளேட் எழுதுகிற செபமாலை வந்தான்.
கடைசி எழுத்துக்கு ஒரு வால் வைத்தான்.
அழித்து எழுதச் சொன்னேன்.
மறுபடியும் வால்.

துளைதான் மிச்சம்.
வெல்டிங் கம்பியைக் கையில் எடுத்தேன்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடியில்
இதே கராச்சுக்கு முன்னால்
ஆட்களுக்குப் பதிலாய்க் கலன்கள் வரிசையில் நின்றன.
நான்கு நாள்.
ஒரு கலனுக்குக் குடை பிடித்திருந்தது.
அந்தக் கிழமை
பாமசியில் ஆறு சிரிஞ்ச் கேட்டேன்.
தனுஜா என் முழங்கையைப் பார்த்தாள்.

கம்பியை வைத்துவிட்டேன்.
துளைக்குள் மரை வெட்டினேன், நாலு மில்லிமீற்றர்.
ஒரு சின்னத் திருகாணி, தலைக்கு நீலம்.
கண்ணாடிக்கு வெளியே நிற்பவருக்குத் தெரியாது.

வாய்க்காலில் குழாயைப் போட்டோம்.
கயிறு இழுக்கிறேன் என்று அவரே வந்தார்.
முதல் இழுவை, ஒன்றுமில்லை.
இரண்டாவது, தும்மல்.
மூன்றாவதில் பிடித்தது.
குழாய் உதறி அவர் சப்பாத்தெல்லாம் சேறு.
"நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றார்,
தானே நிற்பாட்டவில்லை.

பில்லில் எழுதினேன்:
துளை மூடியது, இருநூறு ரூபா.

திறக்கிற விதம் எழுதவில்லை.
ஸ்பனர் தேவையில்லை,
ஒரு இரண்டு ரூபாக் குற்றி காணும்.